புதுச்சேரியில் ஓவியக் கண்காட்சி: சுவர் முதலில், சுவரொட்டி கடைசியில்

உள்ளூர் ஓவியர்கள் பத்துப் பேர், வெளிநாட்டிலிருந்து நான்கைந்து பேர், பொதுமக்கள் இலவசமாக வந்து பார்க்க ஒரு கூடம், பத்து நாள். இப்படி ஒரு கண்காட்சியைப் புதுச்சேரியில் முதல்முறையாக எடுத்து நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தன்னார்வலராக ஏணி பிடித்து ஆரம்பித்து, பிறகு நானே சில கண்காட்சிகளை நடத்தியவன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள்: அழைப்பிதழ் டிசைன், சிறப்பு விருந்தினர். "சுவர் மொத்தம் எத்தனை அடி?" என்று கேட்டால் முழிப்பார்கள். கீழே உள்ள வரிசை அந்த முழிப்பிலிருந்து பிறந்தது. ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்குத் தேவைப்படும் என்பதால் வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஆட்கள். நான்கு பேர் போதும்: கணக்கும் காகிதமும் ஒருவர், ஓவியர்களோடு கடிதப் போக்குவரத்து ஒருவர், மாட்டும் வேலை ஒருவர், கூடத்தையும் பார்வையாளர்களையும் பார்த்துக்கொள்ள ஒருவர். ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்தால் கடைசி வாரத்தில் அவர் போனே எடுக்கமாட்டார்.

அடுத்து காலம். எல்லாம் உள்ளூர்ப் படைப்புகள் என்றால் மூன்று மாதம். வெளிநாட்டிலிருந்து மூல ஓவியமே வரவேண்டும் என்றால் ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பணம் எந்தக் கணக்கில் வரும் என்பது. டிரஸ்ட் அல்லது சங்கத்தின் பெயரில் நடத்தினால், வெளிநாட்டு ஓவியர் "செலவில் என் பங்கு" என்று அனுப்பும் தொகைகூட 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்துவிடக்கூடும். நல்லெண்ணத்தில் அனுப்பிய பணம்தான், ஆனாலும் பதிவு இல்லாமல் வாங்கினால் சிக்கல். கணக்கு எண்ணைக் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

2. தேதியை மழையைப் பார்த்துக் குறியுங்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 செ.மீ. மழை கொட்டியது. புயலே வராவிட்டாலும் அந்த மாதங்களின் ஈரத்தில் காகித ஓவியங்கள் சட்டத்துக்குள்ளேயே அலை அலையாக நெளியும்.

ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். அதிலும் மாசி மகத்தன்று திறப்பு விழா வைக்காதீர்கள். வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமிகள் வரும் நாளில் வண்டி நகராது. ஆடியில் வைப்பவர்கள் வீராம்பட்டினம் தேர் என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரியாங்குப்பம் பக்கமிருந்து ஓவியம் ஏற்றி வரும் வண்டி அன்றைக்கு வந்து சேராது.

3. சுவரை அளங்கள்

கூடத்தைப் போய்ப் பார்த்து "அருமை" என்று சொல்லிவிட்டு வருவது பார்வை ஆகாது. டேப்போடு போங்கள்.

புதுச்சேரியில் கூடங்களுக்குப் பஞ்சமில்லை. தூமா வீதியில் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸின் மேசோன் கொலொம்பானி இருக்கிறது. ஆரோவில்லில் பாரத் நிவாஸின் கலா கேந்திரா உண்டு. ஆனால் பழைய பிரெஞ்சுக் காலக் கட்டடங்களில் ஒரு தொல்லை: நாலு பக்கமும் கதவும் ஜன்னலும். பார்க்க அழகு, மாட்ட இடமில்லை. கடலூரில் கல்யாண மண்டபத்தை எடுக்கிறவர்களுக்கு வேறு தொல்லை, சுவரில் பாதி உயரத்துக்கு டைல்ஸ்.

அளக்கும்போது ஒவ்வொரு சுவருக்கும் மூன்றைக் குறியுங்கள்: கதவு, ஜன்னல், சுவிட்ச் பெட்டி போக மிஞ்சும் நீளம், ஆணி அடிக்கலாமா, காலை வெயில் விழுமா. கடற்கரையை ஒட்டிய வீதிகளில் கிழக்குப் பார்த்த ஜன்னல்கள் அதிகம். ஒன்பது மணி வெயில் எதிர்ச் சுவரில் நேராக விழுந்தால் அந்தச் சுவரை நீர்வண்ணத்துக்குக் கொடுக்கக்கூடாது.

பழைய சுண்ணாம்புக் காரையில் ஆணி அடித்தால் உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து விழும். உரிமையாளரும் விடமாட்டார். மேலே ரீப்பர் கட்டை பொருத்தி அதிலிருந்து கம்பி இறக்கலாம். இல்லையென்றால் 8க்கு 4 பிளைவுட் பலகைகளைக் கால் வைத்து நிறுத்தலாம். இந்தச் செலவு பட்ஜெட்டில் முதல் வரியாக வரவேண்டும். கடைசியில் தெரிந்தால் கேட்டலாக் அச்சிட வைத்திருந்த பணம் பலகைக்குப் போகும்.

இப்போது கணக்கு. 24 அடிச் சுவர் என்றால் 288 அங்குலம். 30 அங்குல அகலத்தில் ஆறு ஓவியங்கள் 180 அங்குலத்தைப் பிடிக்கும். மீதி 108. இரு ஓரங்களையும் சேர்த்து ஏழு இடைவெளி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய பதினைந்தரை அங்குலம். மூச்சுவிட இடம் இருக்கிறது. அதே சுவரில் எட்டு ஓவியம் வைத்தால் ஒன்பது இடைவெளிகளும் ஏறக்குறைய ஐந்தேகால் அங்குலமாகச் சுருங்கிவிடும், ஃபிரேம் கடை மாதிரி ஆகிவிடும். எத்தனை படைப்புகளை வாங்கலாம் என்பதைச் சுவர்தான் சொல்லும். ஓவியர்களுக்கு அழைப்பை அனுப்பிய பிறகு அளந்தால், யாராவது ஒரு பெரியவரிடம் போய் "உங்களுடையது இரண்டைக் குறைத்துக்கொள்கிறோம் ஐயா" என்று சொல்ல வேண்டிவரும். நான் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் முறை சொல்லக்கூடாது என்று முடிவும் செய்திருக்கிறேன்.

4. பட்டியலும் ஒப்பந்தமும்

ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு வரி: தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, சட்டத்தோடு அளவு, எடை, விலை அல்லது "விற்பனைக்கு அல்ல". அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு என்பதுதான் ஓவிய உலக வழக்கம். நம் ஆட்களில் பாதிப்பேர் தலைகீழாக எழுதுவார்கள். அதனால் அளவோடு ஒரு போட்டோவும் கேளுங்கள். படுக்கை ஓவியம் என்று நினைத்து இடம் விட்டது நின்ற ஓவியமாக வந்து இறங்கும்.

உள்ளூர் என்றால் சட்டமிட்ட ஓவியம் மட்டும் இல்லை. வில்லியனூர் சுடுமண், திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. அவற்றைச் சேர்த்தால் பீடம் தேவைப்படும், நடுக்கூடத்தில் இடம் போகும். பட்டியல் போடும்போதே குறித்துவிடுங்கள்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும். போக்குவரத்துச் செலவு யாருடையது, விற்றால் கமிஷன் எவ்வளவு, பணம் எத்தனை நாளில் சேரும், சேதமானால் யார் பொறுப்பு, போட்டோவை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம். கடைசியானதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியம் கைமாறினாலும் பதிப்புரிமை பொதுவாக ஓவியரிடமே இருக்கும். எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் போகும். போஸ்டரில் போட, காலண்டரில் போட எழுத்தில் அனுமதி வேண்டும்.

காப்பீடு எடுத்தால் 'நெயில் டு நெயில்' கேளுங்கள். ஓவியர் வீட்டு ஆணியிலிருந்து இறக்கிய நேரம் தொட்டு மறுபடி அங்கே மாட்டும் வரை அது செல்லும். கூடத்துக்குள் மட்டும் செல்லும் காப்பீடு மலிவு. ஆனால் ஓவியம் அடிபடுவது வழியில்தான்.

5. வெளிநாட்டுப் படைப்புகள்: மூன்று வழி

புதியவர்கள் அதிகம் சறுக்கும் படி இது.

முதல் வழி, கோப்பாக வரவழைத்து இங்கே அச்சிடுவது. புகைப்படத்துக்கும் டிஜிட்டல் ஓவியத்துக்கும் இதுவே நல்லது. காகிதம் என்ன, அளவு என்ன, கண்காட்சி முடிந்ததும் அச்சுப் பிரதியை என்ன செய்வது என்பதை எழுதி வாங்குங்கள். அழிக்கச் சொன்னால் அழித்துவிட்டுப் போட்டோ அனுப்புங்கள்.

இரண்டாவது, ஓவியரே கான்வாஸைச் சுருட்டிக் குழாயில் கொண்டுவருவது. வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டச் சொல்லுங்கள். உள்பக்கம் சுருட்டினால் வண்ணப் படலம் அமுங்கி, விரிக்கும்போது வெடிக்கும். விலைப் பட்டியல் ஒன்றும் அவர் கையில் இருக்கட்டும், விமான நிலையத்தில் கேட்டால் காட்டலாம்.

மூன்றாவது, ஏற்றுமதிப் பெட்டியில் மூல ஓவியம். இதற்கு ஏடிஏ கார்னே என்று ஒரு ஆவணம் உண்டு. தற்காலிகமாக நாட்டுக்குள் வந்து திரும்பிப் போகும் பொருளுக்கான பாஸ்போர்ட் மாதிரி. ஓவியர் தன் நாட்டு வர்த்தக சபையிடம் வாங்கவேண்டும். இந்தியாவில் இதைப் பார்த்துக்கொள்வது ஃபிக்கி என்ற வர்த்தகக் கூட்டமைப்பு. திருப்பி அனுப்பக் கடைசித் தேதியைச் சுங்க அதிகாரி அதிலேயே குறிப்பார். அந்தத் தேதியைக் கூடத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். கார்னேயில் வந்ததை விற்கக்கூடாது. விற்கும் எண்ணம் இருந்தால் ஆரம்பத்திலேயே சென்னையில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜெண்டைப் பிடித்து, தீர்வை கட்டி இறக்குமதியாகக் கொண்டுவாருங்கள்.

வழக்கமான தவறு, கூரியரில் "பரிசுப் பொருள், மதிப்பு எதுவும் இல்லை" என்று எழுதி அனுப்பச் சொல்வது. ஓவியத்துக்கு மதிப்பில்லை என்று எந்தச் சுங்க அதிகாரியும் நம்பமாட்டார். பெட்டி நின்றுவிடும், கிடங்கு வாடகை ஏறும், நீங்கள் திறப்பு விழாவில் காலிச் சுவரைக் காட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

மரப்பெட்டி என்றால் அதில் கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு வெப்பச் சிகிச்சை முத்திரை இருக்கவேண்டும். மரத்துக்குள் பூச்சி பயணம் செய்யக்கூடாது என்பதற்காக உலகம் முழுக்க உள்ள விதி. பிளைவுட் பெட்டிக்கு இந்த விதி இல்லை என்பதால் அதையே கேட்டுவிடுங்கள்.

ஓவியரே நேரில் வந்தால், எந்த விசாவில் வருகிறார் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் தங்கவைத்தாலும் வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். ஓட்டலுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

6. பெட்டியைப் பிரிக்க அவசரப்படாதீர்கள்

ஏசி கிடங்கிலிருந்தோ விமானத்திலிருந்தோ வந்த பெட்டியைக் கூடத்தில் வைத்து ஒரு நாள் சும்மா விடுங்கள். குளிர்ந்த கண்ணாடி மேல் நம் ஊர்க் காற்று பட்டால் வியர்க்கும். கண்ணாடிக்குப் பின்னால் வியர்த்தால் துடைக்க வழியில்லை.

பிரிக்கும்போது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிரிக்க, ஒருவர் போட்டோ எடுக்க: முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை. ஏற்கெனவே உள்ள கீறல், பூஞ்சைப் புள்ளி, சட்டத்தில் சிராய்ப்பு எல்லாவற்றையும் நிலைக் குறிப்பாக எழுதி அன்றே ஓவியருக்கு அனுப்பிவிடுங்கள். பத்து நாள் கழித்து "இது எங்கள் கையில் ஆனதல்ல" என்று சொல்ல வேறு சாட்சி இருக்காது. பெட்டி, பஞ்சு, அட்டை எதையும் தூக்கி எறியாதீர்கள். திரும்பிப் போகவும் அவைதான்.

பபிள் உறையின் குமிழ்ப் பக்கம் வெளியே இருக்கவேண்டும். வண்ணத்தின் மேல் குமிழ் பதிந்தால் வெயில் காலத்தில் வட்ட வட்டமாகத் தடம் விழும். நடுவில் கிளாசின் என்கிற வழவழப்பான மெல்லிய தாள் ஒன்று வைப்பது நல்லது.

7. மாட்டுவது

முதலில் எதையும் மாட்டாதீர்கள். எல்லாவற்றையும் அந்தந்தச் சுவருக்குக் கீழே ஃபோம் துண்டு மேல் சாய்த்து வைத்து, ஒரு இரவு விட்டுப் பாருங்கள். எது எதற்குப் பக்கத்தில் உட்காராது என்று காலையில் தெரியும். வெளிநாட்டு ஓவியங்கள் ஒரு சுவர், உள்ளூர் ஒரு சுவர் என்று பிரிப்பவர்கள் உண்டு. என் கண்ணுக்கு அது கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் தனித்தனியாக உட்கார்ந்த மாதிரி இருக்கும். கலந்து வையுங்கள். அந்த இரவு மட்டும் தரை துடைக்க வரும் அம்மாவிடம் "இன்னைக்கு ஈர மாப் வேண்டாம்மா" என்று மறக்காமல் சொல்லுங்கள். சட்டத்தின் அடிக்கட்டை தண்ணீரை உறிஞ்சும்.

உயரம்: ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலத்தில், அதாவது 145 செ.மீ.யில் இருக்கவேண்டும். 60 வைப்பவர்களும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் வருகிற கூடத்துக்கு 57 போதும் என்பது என் கட்சி. மேல்விளிம்பையோ கீழ்விளிம்பையோ ஒரே கோட்டில் வைக்காமல் நடுவை வைப்பதற்குக் காரணம், சிறியதும் பெரியதும் கலந்திருந்தாலும் பார்க்கிறவர் கண் ஒரே மட்டத்தில் போகும்.

கொக்கி எங்கே வரும்? 57ஓடு ஓவிய உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள். பின்பக்கக் கம்பியை விரலால் மேலே இழுத்துப் பிடித்து, அது மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழியுங்கள். 30 அங்குல ஓவியம், கம்பி 4 அங்குலம் கீழே என்றால் 57 + 15 − 4 = 68. கம்பியை இழுக்காமல் தளர்வாக அளப்பது எல்லோரும் செய்யும் தவறு. மாட்டியதும் ஓவியம் கீழே இறங்கிவிடும்.

இந்த 57ஐத் தரையிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக அளக்காதீர்கள். ஒருமுறை ஆசாரி ஒருவர் அப்படித்தான் அளந்து வரிசையாக அடித்துக்கொண்டு போனார். தள்ளி நின்று பார்த்தால் வரிசையே கடலைப் பார்த்துச் சரிந்திருந்தது.

"அண்ணே, டேப் சரியாத்தான் காட்டுது" என்றேன்.

"டேப் சரி தம்பி, தரைதான் சரியில்ல" என்றார் ஆசாரி. பழைய கட்டடம், ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் இரண்டு அங்குலம் வித்தியாசம். தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் வைத்து இரு கோடியிலும் குறி போட்டு, நடுவில் நூல் பிடித்து, அந்த நூலிலிருந்து எல்லாவற்றையும் அளந்தோம். ரசமட்டம் ஒவ்வொரு ஓவியத்துக்கும் தனியாக.

நைலான் தூண்டில் நரம்பில் தொங்கவிடாதீர்கள். தேங்காய்த்திட்டு பக்கம் மலிவாகக் கிடைக்கிறது, கண்ணுக்கும் தெரியாது என்று நாங்களும் வாங்கினோம். நைலான் பாரத்தில் நீளும். காலையில் வந்து பார்த்தால் கனமான மூன்று ஓவியங்கள் ஒரு அங்குலம் இறங்கியிருந்தன. முறுக்கிய எஃகுக் கம்பி போடுங்கள். பெரிய ஓவியத்துக்கு இரண்டு கொக்கி. ஒன்று என்றால் யாராவது கதவைச் சாத்தும்போதெல்லாம் சாயும்.

கீழ் மூலை இரண்டிலும் சிறு கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் ஓவியத்துக்கும் நடுவில் காற்று போகும், பின்பக்கம் பூஞ்சை பிடிக்காது. புதிதாக வெள்ளையடித்த சுவர் என்றால் ஒரு வாரமாவது காயவிட்டு மாட்டுங்கள்.

8. விளக்கும் ஈரமும்

விளக்கு ஓவியத்தின் மேல் ஏறக்குறைய 30 டிகிரிச் சாய்வில் விழவேண்டும். நேர் மேலிருந்து விழுந்தால் சட்டத்தின் நிழல் விழும். எதிரிலிருந்து விழுந்தால் கண்ணாடியில் பார்க்கிறவர் முகம்தான் தெரியும். காகித ஓவியத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் வண்ணத்துக்கு 200 வரை என்பது அருங்காட்சியகங்களின் வழக்கம். வெளிச்சம் அளக்கும் போன் செயலி துல்லியமாகக் காட்டாது, ஒரு தோராயத்துக்கு உதவும்.

ஏசியைப் பகலில் போட்டு இரவில் அணைப்பதைவிட, போடாமலே இருப்பது மேல். காகிதம் தினம் சுருங்கி விரிவதுதான் அதைக் கெடுக்கும்.

9. பெயர்ச்சீட்டு

தமிழ், ஆங்கிலம், கூடத்தைப் பொறுத்து பிரெஞ்சு. தமிழ் மேலே இருக்கட்டும். வெளிநாட்டுப் பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழில் எழுதாதீர்கள். ஓவியரிடமே பெயரைச் சொல்லி வாட்ஸாப்பில் குரல் அனுப்பச் சொல்லுங்கள். 'ழான்' என்பவரை 'ஜீன்' என்று அச்சடித்துவிட்டு விழா மேடையில் அசடு வழியத் தேவையில்லை. சீட்டு ஓவியத்தின் வலப்பக்கம், எல்லாம் ஒரே உயரத்தில். எழுத்து பெரிதாக இருக்கட்டும், வருகிறவர்களில் பாதிப்பேர் கண்ணாடியைத் தேடுகிறவர்கள்.

10. அழைப்பிதழ், விழா

இப்போதுதான் சுவரொட்டி. பட்டியலும் பெயர்களும் உறுதியான பிறகு அச்சடித்தால் ஒட்டுச்சீட்டு ஒட்டித் திருத்த வேண்டியதில்லை. வீதியில் பேனர் கட்டும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள், புதுச்சேரியில் அதற்குத் தடை உண்டு.

மேடைக்குப் பின்னால் பெரிய ஃபிளெக்ஸ் கட்டுவார்கள். எந்தச் சுவரில் என்று முன்பே பாருங்கள். இரண்டு ஓவியங்களை மறைத்துக்கொண்டு, அதே இரண்டு ஓவியரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த விழா ஒன்றை எனக்குத் தெரியும். குத்துவிளக்கு தாழ்வாரத்தில். எண்ணெய்ப் புகை கான்வாஸில் படியும். சமோசாவும் டீயும் வெளியில். பேச்சு அரைமணி நேரத்துக்குள் முடியட்டும், வந்தவர்கள் நடந்து பார்க்கவேண்டும்.

11. திறந்திருக்கும் நாட்கள்

ஒரு கூடத்துக்கு எப்போதும் இரண்டு பேர். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூட மாணவர்களைப் போல ஓவியம் படிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வருகைப் பதிவேட்டில் பேனா வேண்டாம், பென்சில் வையுங்கள். செல்ஃபி எடுக்க முதுகைக் காட்டிப் பின்னால் நகர்கிறவர்தான் பெரிய ஆபத்து. தரையில் ஒன்றரை அடி தள்ளி ஒரு நாடா ஒட்டினால் பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள்.

விற்றதற்குச் சிவப்புப் பொட்டு, முழுப் பணமும் வந்த பிறகுதான். முடியும் நாள் வரை ஓவியம் சுவரிலேயே இருக்கும் என்று ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்து நின்று "இப்பவே குடுங்க" என்பார்கள்.

12. இறக்குவது

மாட்ட மூன்று நாள் கொடுத்தவர்கள் இறக்க மூன்று மணி நேரம் கொடுப்பார்கள், சேதம் அங்கேதான் நடக்கும். ஒரு முழு நாள் வாடகை சேர்த்துக் கட்டிவிடுங்கள். பழைய நிலைக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, மறுபடி போட்டோ எடுத்து, வந்த பெட்டியிலேயே வையுங்கள். கார்னேயில் வந்தவை வெளியே போகும்போதும் சுங்க முத்திரை விழவேண்டும். முத்திரை இல்லாமல் பெட்டி போய்விட்டால் பொருள் இந்தியாவிலேயே தங்கிவிட்டதாகத்தான் கணக்கு, தீர்வை கேட்டு ஓவியருக்குக் கடிதம் போகும்.

கடைசியாகச் சுவர். அனுமதியோடு ஆணி அடித்த இடங்களைப் பட்டி பார்த்து மூடுங்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான்; சிமெண்ட் வைத்தால் முதல் மழையிலேயே சுற்றிலும் விரிந்து காட்டும். கொக்கிகளை எண்ணி டப்பாவில் போட்டு, டப்பா மேல் எண்ணிக்கையை எழுதி வையுங்கள். எங்களிடம் இருந்த 64இல் ஒவ்வொரு முறையும் நான்கைந்து காணாமல் போய், இப்போது 51 இருக்கிறது.